முன்பாரம்: காவிரிக் கரையில் ஏழு நாள் டிரெய்லர் ஒத்திகை

முதல் நாள், ஜனவரி 19. பாபநாசம் அருகே, வீட்டில்

அப்பாவுக்கு வயது 82. அறுபது வருடம் காவிரித் தண்ணீரில் நெல் போட்டவர். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பார்களா, ஜனவரி 28 வரை தண்ணீர் தாங்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, நகைக்கடன் எல்லாமே நடந்தன. அந்தத் தண்ணீர் பிறக்கிற இடத்தை மட்டும் அவர் பார்த்ததில்லை. போன ஆடிப்பெருக்கு அன்று வாய்க்காலில் இறங்கிக் கால் நனைத்துவிட்டு வந்தவர், "தலைக்காவிரிய ஒரு தடவ பாத்துடணும்மா" என்றார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எதையும் இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை அவர்.

அடுத்த குளிர்காலத்தில் அழைத்துப் போகிறோம். பூம்புகாரில் கடலோரத்தில் தொடங்கி, ஆற்றை எதிர்த்து ஏறி, குடகு மலையில் முடிப்பதாகத் திட்டம். ஆற்றின் நீளம் சுமார் 800 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கங்கே தங்கி, திரும்பியும் வர நாற்பது நாள் ஒதுக்கியிருக்கிறோம். அப்பாவால் லாட்ஜ் படி ஏற முடியாது. இரவில் மூன்று தடவை எழுந்திருப்பார். தன் கட்டில், தன் கழிப்பறை, தன் கஞ்சி என்று இருந்தால்தான் நாற்பது நாள் தாங்குவார். அதற்காகத்தான் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற இந்த டிரெய்லர். 12 அடி நீளம், ஆறரை அடி அகலம், ஒற்றை அச்சு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு மடக்குப் பலகை, சிறிய அடுப்பு, 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, மேற்கூரையில் சோலார் தகடு.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம். தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதன் சொந்த எண் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கிற காரின் எண் டிரெய்லரின் பின்னால் இருக்க வேண்டும். காரின் புத்தகத்தில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று போட்டிருக்கும், அதைத் தாண்டவே கூடாது.

நாற்பது நாள் பயணத்துக்கு முன்னால் டெல்டாவுக்குள்ளேயே ஏழு நாள் ஒத்திகை பார்த்துவிடலாம் என்றுதான் இன்று எல்லாவற்றையும் ஏற்றினோம். தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நான்குவழிச் சாலையில் சும்மா ஒரு ஓட்டம் விட்டுப் பார்த்தோம். 50-ல் சாதுவாக வந்த பெட்டி, 60-ஐத் தொட்டதும் வாலை ஆட்டத் தொடங்கியது. முதலில் லேசாக, அப்புறம் காரையே இடமும் வலமும் இழுக்கிற அளவுக்கு. பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். தானே அடங்கியது. என் உள்ளங்கை முழுக்க வியர்வை.

திரும்பி வந்து தெருவில் நிறுத்தியதும் அப்பா திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்டார். பின்பக்கம் என்றேன். அரிசி மூட்டை? அதுவும் பின்பக்கம்.

"பின்பாரம் ஏறிப்போச்சும்மா. மாட்டு வண்டியா இருந்தா நுகத்தடி மேல தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்த நெறிச்சிருக்கும். வண்டின்னா கொஞ்சம் முன்பாரம் இருக்கணும். ரொம்பவும் ஏத்திடாத, மாடு மண்டி போட்டுடும்."

இதைத்தான் நான் ஆறு மாதமாகப் படங்கள் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். காரின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற குண்டின் மேல் டிரெய்லரின் மூக்கு எவ்வளவு எடையில் உட்கார வேண்டும் என்ற கணக்கு: மொத்த எடையில் பத்து சதவீதத்துக்குக் குறையாமல், பதினைந்தைத் தாண்டாமல். குறைந்தால் வால் ஆடும். கூடினால் காரின் பின்பக்கம் அழுந்தி, முன் சக்கரம் இலேசாகி, ஸ்டியரிங் பிடி கொடுக்காது. மாடு மண்டி போடுவது என்பது அதுதான்.

சாயங்காலம் பக்கத்து ஊர் ரைஸ்மில்லுக்குப் போனோம். நெல் லாரி ஏறுகிற எடைமேடையில் டிரெய்லரை மட்டும் கழற்றி நிறுத்தினோம். சீட்டு 780 கிலோ என்றது. அப்புறம் மூட்டை போடுகிற தராசை இழுத்து வந்து, மேலே ஒரு மரக்கட்டை வைத்து, டிரெய்லரின் மூக்கை அதில் இறக்கினோம். 42 கிலோ. ஐந்தரை சதவீதம் கூட இல்லை. தொட்டியைக் கழற்றி அச்சுக்கு முன்னால் கொண்டுவர மில் ஆட்கள் இரண்டு பேர் ஒரு மணி நேரம் கூட நின்று உதவினார்கள். திரும்ப வைத்தோம். 81 கிலோ. தராசு முள்ளை அப்பா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் நான்குவழிச் சாலையில் 70 வரை போனேன். பெட்டி பின்னால் வருவதே தெரியவில்லை.

இரண்டாம் நாள், ஜனவரி 20. பூம்புகார்

காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டு வேப்பமரம் தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. எட்டுக்குக் கிளம்பினோம். 'விடிகாலையில் கிளம்பி வெயிலுக்கு முன் 150 கிலோமீட்டர்' என்று திட்ட நோட்டில் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டேன். இந்த மாதங்களில் பனி விலகாமல் டிரெய்லரை ரோட்டில் இறக்கக் கூடாது. பின்னால் வருகிறவருக்குக் காரின் விளக்கு தெரியாது, டிரெய்லரின் விளக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் மூடுபனியில் எவ்வளவு தூரம் தெரியும் என்று என் கணவரைப் பின்னால் நடக்கவிட்டுப் பார்த்தேன். முப்பது அடிகூட இல்லை. பின்பக்கம் முழுக்க ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும்.

கும்பகோணத்தை ஊருக்குள் போகாமல் சுற்றிக் கடந்து மயிலாடுதுறை. துலாக் கட்டத்தில் வண்டியை ஓரம் கட்டி அப்பா இறங்கினார். ஐப்பசி மாதம் முழுக்க இங்கே முழுக்குப் போடுவார்கள். ஐப்பசி தவறியவருக்குக் கார்த்திகை முதல் நாள், முடவன் முழுக்கு. நடக்க முடியாமல் நாள் தவறி வந்தவனுக்காக ஒரு நாள் கூடக் கொடுத்த கதை. தலைக்காவிரியில் ஊற்று பொங்குவதாக விழா எடுப்பதும் துலா மாதப் பிறப்பில்தான். ஆற்றின் தலையிலும் வாலிலும் ஒரே மாதத்துக்கு முழுக்கு.

பூம்புகாரில் அப்பா ரொம்ப நேரம் நின்றார். திருச்சியில் கண்ணுக்கெட்டிய தூரம் அகலமாகக் கிடக்கிற ஆறு, கடலுக்கு வரும்போது ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கி வருகிறது. கிளை கிளையாகப் பிரிந்து வயலுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மிச்சம்தான் கடலுக்கு. "நம்மளே குடிச்சுட்டோம்" என்றார். பயணம் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று எனக்கு இன்றைக்கு நிச்சயமானது. இங்கிருந்து ஏறினால்தான் திருச்சி வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஆறு பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்க்க முடியும்.

இரவு தங்குவதற்கு ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலைப் போன வாரமே பேசி வைத்திருந்தேன். கல்யாண மண்டபம் டிரெய்லருக்கு அருமையான இடம். சமதளமான தரை, குழாய், மின்சாரம், இரவுக் காவலாளி, பெரிய கேட். போய்ச் சேர்ந்தபோது வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் முகூர்த்தம். எங்களுக்குச் சொன்னவர் தேதியை மாற்றிச் சொல்லியிருக்கிறார். சமையல் லாரி நிற்கவே இடமில்லை. மணி ஐந்தரை, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. திருக்கடையூர்ப் பக்கம் அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில் எந்த விடுதியிலும் வண்டி நிறுத்தத் துளி இடம் இல்லை. கடைசியில் இவருடைய சித்தப்பா மகனின் நெல் களத்தில், அறுவடை மிஷினுக்குப் பக்கத்தில் நின்றோம்.

படுத்தபிறகுதான் ஒன்று புத்தியில் பட்டது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் எல்லாம் ஒரு மாதம் சும்மா கிடக்கும். நானோ பொங்கல் முடிந்து தை பிறந்ததும் கிளம்புவதாகத் திட்டம் போட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள், ஜனவரி 21. வேதாரண்யம்

சுவரின் உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. மூன்று பேர் மூச்சும் கஞ்சி ஆவியும் சேர்ந்து, வெளியே பனி. அப்பாவின் போர்வை ஓரம் ஈரம். மேல் காற்றுத்துளையை இரவில் மூடக் கூடாது, எவ்வளவு குளிரினாலும் ஒரு விரற்கடை திறந்தே இருக்க வேண்டும். குடகில் இங்கைவிட நிறையக் குளிரும். அங்கே அடுப்பை உள்ளே ஏற்றாமல் வெளியில்தான் சமைக்க வேண்டும் என்றும் குறித்துக்கொண்டேன்.

தரங்கம்பாடியில் கோட்டைக்கு எதிரே டீ. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அப்பா காரை விட்டு இறங்கவில்லை, கடல் அவருக்குப் பிடிக்காது. காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் கடந்து போனோம். ஊருக்கு ஊர் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் காரின் நான்கு சக்கரம் இறங்கிய பிறகும் இரண்டு சக்கரம் பாக்கி இருக்கிறது என்பது பழகவே அரை நாள் ஆகிறது.

இழுக்காதபோது லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இன்று 10 கொடுத்தது. டீசல் கணக்கு மொத்தமும் மாறுகிறது.

வேதாரண்யத்துக்குள் நுழைகிறபோது வாடைக்காற்று. வலமும் இடமும் வெட்டவெளி, ஒரு மரம் கிடையாது. பக்கவாட்டில் ஒரே தள்ளாகத் தள்ளியது. பெட்டியின் பக்கம் பாய்மரம் மாதிரி. 40-க்கு இறக்கிவிட்டேன். நல்லவேளை, முன்பாரம் சரியாக இருந்ததால் சாய்ந்து வந்ததே தவிர ஆடவில்லை. எதிரில் பஸ் வரும்போதுதான் பயம். பஸ் காற்றை ஒரு நொடி மறைக்கிறது, பெட்டி அந்தப் பக்கம் விழுகிற மாதிரி போய், பஸ் கடந்ததும் திரும்ப அடிவாங்குகிறது. முதல் பஸ்ஸில் திடுக்கிட்டேன், அடுத்ததில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தேன்.

நான்காம் நாள், ஜனவரி 22. கோடியக்கரை

டிரெய்லரை வேதாரண்யத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வளாகத்தில் விட்டுவிட்டுக் காரை மட்டும் எடுத்துப் போனோம். இழுத்துப் போகிற வசதியில் பாதி, கழற்றிவிட்டுப் போக முடிவதுதான். திருடு போகாமல் இருக்க மூக்குக்குப் பூட்டு, சக்கரத்துக்குப் பூட்டு, நான்கு மூலையிலும் தாங்குகால் இறக்கி வைத்தாயிற்று.

அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே வந்து இங்கே உப்பு அள்ளினார். "திருச்சியிலேருந்து நடந்தா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். காரில் மூன்று நாளாக வருகிற எங்களுக்கு அந்தத் தூரம் இப்போது உடம்பில் தெரிகிறது.

1967-ல் அறிவித்த சரணாலயம். வெளிமான் கூட்டம் ஒன்று புல்வெளியில், ஆண் மானின் முறுக்குக் கொம்பு வெயிலில் பளபளத்தது. பூநாரை தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடாக. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். விழுந்த மரங்கள் இன்னும் சில கிடக்கின்றன, அவற்றின் மேலேயே புது மரம் வளர்ந்திருக்கிறது. மதியம் எங்கும் போகாமல் படுத்துத் தூங்கினோம். நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓட்டாத நாள் கட்டாயம் வேண்டும். அப்பா அதைச் சொல்லவில்லை, ஆனால் அவருடைய கால் வீக்கம் இன்று வற்றியிருந்தது.

ஐந்தாம் நாள், ஜனவரி 23. வடுவூர்

இன்றுதான் கற்றுக்கொண்டேன்.

திருத்துறைப்பூண்டி தாண்டியதிலிருந்தே ரோட்டில் பாதி நெல். அறுத்த சம்பாவைத் தார்ரோட்டில் பரப்பி, ஓரத்தில் செங்கல்லும் கல்லும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்றால் மூட்டையை எடுக்க மாட்டார்கள். காயவைக்கக் களம் பற்றாது, அவர்கள் வேறு எங்கே போவார்கள்? நாங்களும் செய்தவர்கள்தான். அதனால் நெல் மேல் சக்கரம் ஏறக் கூடாது என்று நான் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினேன். கார் ஒதுங்கினாலும் பெட்டி குறுக்கே வெட்டிக்கொண்டு உள்பக்கமாக வரும். திருப்பத்தில் ஒரு செங்கல்லைத் தட்டிவிட்டது. இறங்கி எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.

மன்னார்குடி தாண்டி, செல்போன் வழிகாட்டியை நம்பி ஒரு வாய்க்கால் கரையில் திரும்பினோம். ஒரு கிலோமீட்டர் போனதும் எதிரில் அறுவடை மிஷின். அதன் முன்பக்கக் கத்தி ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு வருகிறது. இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் அறுக்காத வயல். மிஷின் பின்னால் போக முடியாது, அதன் பின்னே இரண்டு டிராக்டர். நாங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டும், முந்நூறு மீட்டர், ஒரு மதகு வரை.

எடுத்தேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பெட்டி வலப்பக்கம் போகிறது. திருத்தினால் மடங்குகிறது. மூன்றாம் தடவை பெட்டியின் இடது சக்கரம் கரை மண்ணை உதிர்த்தது. மண் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டேன். அப்பா உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

டிராக்டரிலிருந்து ஒரு தம்பி இறங்கி வந்தான். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும், லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். நான் சீட்டை விட்டு எழுந்து, "நீயே எடுத்துக் குடுப்பா" என்றேன்.

"வேணாம்க்கா. நீங்களே எடுங்க. நாளைக்கு நான் இருக்க மாட்டேன்ல."

ஜன்னல் பக்கம் நின்றான்.

"ஸ்டியரிங்க மேல புடிக்காதீங்க. அடியில புடிங்க, ஒரு கை போதும். பெட்டி எந்தப் பக்கம் போகணுமோ, கையையும் அந்தப் பக்கம் கொண்டு போங்க. ஒரு சாண் கூட வேணாம், நாலு விரல். பெட்டி அசைய ஆரம்பிச்ச உடனே கைய நடுவுக்குக் கொண்டுவந்துடுங்க. அது ஒடிஞ்சதுக்கு அப்புறம் திருத்த முடியாது, ஒடியறதுக்கு முன்னாடியே திருத்தணும். மடங்கிட்டா சண்ட போடாதீங்க, முன்னால ரெண்டு அடி போய் நேராக்கிட்டு வாங்க."

பிடியை அடியில் மாற்றினேன். வேறு உலகம். கை இடப்பக்கம் போனால் பெட்டியும் இடப்பக்கம். தலைக்குள் திருப்பிக் கணக்குப் போட வேண்டியதே இல்லை. அப்பாவை இறக்கி மிஷின்காரர் பக்கத்தில் நிறுத்தினோம். இவர் பின்னால் நடந்தார், தோள் துண்டைக் கையில் எடுத்து இடது கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஆட்டிக்கொண்டே. துண்டு கண்ணாடியில் தெரிகிற வரைக்கும் போகலாம், தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொண்டோம். முந்நூறு மீட்டர் எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. அறுவடை நேரத்தில் மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடும். அந்த இருபத்தைந்து நிமிடமும் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

மதகுப் பக்கம் ஒதுங்கியதும் தம்பி டிராக்டரில் கடந்து போகும்போது கையை அடியில் வைத்து இடமும் வலமும் அசைத்துக் காட்டிவிட்டுப் போனான்.

வடுவூர் ஏரிக்கரையில் நிறுத்தும்போது மணி நாலு. தேவையே இல்லாமல் பத்து தடவை பின்னால் எடுத்துப் பார்த்தேன். ஏரியில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, குளிர்காலத்துக்கு வந்த பறவைகள் கரைகிற சத்தம் இரவு முழுக்க.

ஆறாம் நாள், ஜனவரி 24. கல்லணை

தஞ்சாவூரில் பெரிய கோயில் கோபுரத்தைப் புறவழிச் சாலையிலிருந்தே கும்பிட்டுக்கொண்டோம். ஊருக்குள் இழுத்துப் போவதில்லை என்பதை நேற்றே முடிவு செய்தாயிற்று. திருக்காட்டுப்பள்ளியில் தெரிந்தவர் வீட்டுத் தென்னந்தோப்பில் பெட்டியைக் கழற்றிவிட்டுக் காரில் கல்லணை.

காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கும் ஒரே இடத்தில் பிரிகின்றன. கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் இன்னும் புதாறு என்றுதான் சொல்வோம். மேட்டூர் அணை முடிந்த 1934-ல் அதுவும் வந்தது, தொண்ணூறு வயதானாலும் எங்களுக்குப் புது ஆறுதான். அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெண்ணாற்று மதகையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கதவு ஒரு அடி தூக்கினா நம்ம ஊருக்கு எத்தனை நாள்ல வரும்னு மனசுல கணக்குப் போட்டே வயசாயிடுச்சு" என்றார். எங்கள் வயலுக்கு வருவது காவிரிக் கிளை. ஆனாலும் அவர் வெண்ணாற்றுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் கவலைப்பட்டிருக்கிறார் என்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

ஏழாம் நாள், ஜனவரி 25. முக்கொம்பு, வீடு

காவிரியிலிருந்து கொள்ளிடம் முதலில் பிரிகிற இடம். 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை, 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. இப்போது புதிய கதவணை. பூங்காவில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே திட்ட நோட்டைத் திருத்தினோம்.

ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது 120 ஆனது. சாயங்காலம் நாலு மணிக்குச் சக்கரம் நிற்க வேண்டும், வெளிச்சத்தில்தான் இடம் தேட வேண்டும். கரூர், பவானி, மேட்டூர் வரை ஆற்றோடு போகலாம். அங்கிருந்து மைசூருக்கு திம்பம் வழி குறுக்கு, ஆனால் 27 கொண்டை ஊசி வளைவு. பெட்டியோடு அதில் ஏற மாட்டேன். தொப்பூர், தர்மபுரி, ஓசூர் என்று சுற்றிப் போகிறோம். தொப்பூர் கணவாய் போகும்போது ஏற்றம். வரும்போது அது நீண்ட இறக்கம், லாரிகள் பிரேக் சூடேறி விபத்தாகிற இடம். பின்னால் 780 கிலோ தள்ளிக்கொண்டு வர அதில் இறங்குவதற்கு எனக்கு மனமில்லை. திரும்பும்போது கிருஷ்ணகிரியில் பிரிந்து திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகக் கும்பகோணம். ஒகேனக்கலுக்குப் பெட்டியை பென்னாகரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டும். குஷால்நகரோடு பெட்டிக்குப் பயணம் முடிந்தது. மடிக்கேரி, பாகமண்டலம் காரில். பாகமண்டலத்திலிருந்து தலைக்காவிரி 8 கிலோமீட்டர், கடல்மட்டத்திலிருந்து 1,276 மீட்டர்.

தேதிதான் பெரிய மாற்றம். தையில் வேண்டாம். ரோடெல்லாம் நெல், கரையெல்லாம் மிஷின், மண்டபமெல்லாம் கல்யாணம். மார்கழி முதல் வாரம் கிளம்பினால் மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் ஓடும், மண்டபங்கள் காலி. அறுவடை தொடங்கும்போது நாங்கள் மைசூர்ப் பக்கம் இருப்போம்.

இவர்தான் தயங்கினார். "மார்கழியில வீடு மாற மாட்டாங்க. இது வீட்டையே கட்டி இழுத்துட்டுப் போறது. மாமா ஒத்துக்கணுமே."

இருவரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் இலையை மடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கார்த்திகையில ஒரு நல்ல நாள் பாத்துப் பெட்டிய இவ அத்தை வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்திடுங்க மாப்பிள்ள. பரஸ்தானம். அன்னைக்கே பயணம் கெளம்பியாச்சுன்னு கணக்கு. அப்புறம் மார்கழியில நம்ம போயி அதுல ஏறிக்கலாம்."

அந்தக் காலத்தில் நல்ல நாளில் ஒரு துணிமூட்டையை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்கள், கிளம்ப முடிந்தபோது அதை எடுத்துக்கொண்டு போவார்கள். பாட்டி செய்து பார்த்திருக்கிறேன்.

வீடு வந்து சேர்ந்ததும் சுவாமிமலையில் இருக்கிற அத்தைக்கு போன் போட்டேன். பெட்டி ஆறரை அடி அகலம், கேட் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். இருடி என்று போனை வைத்துவிட்டுப் போனவர், கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். கிணற்றுக் கயிற்றை வைத்து அளந்தாராம். பத்தடி.